பதினொரு முதலாளிகள்

அரசாங்கம் தனக்குப் பணம் தரவேண்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டதுமே சாமியப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. தான் அரசாங்கத்துக்குத் தரவேண்டும் என்றால் புரியும். அது ஊர் உலகத்தில் நடப்பதுதான். பதினைந்தாயிரத்து முப்பது ரூபாயை அவர்களே திருப்பித் தருவார்கள், கேட்டு வாங்கிக்கொள்வது ஒன்றுதான் பாக்கி என்று ஒருவன் சொன்னால், சொன்னவன் முகத்தை உற்றுப் பார்க்கத்தானே தோன்றும்?

சொன்னவன் செம்மேட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சதீஷ்குமார். "உங்க கம்பெனிக்காரங்க வருசம் பூராவும் நீங்க அங்கயே இருப்பீங்கன்னு கணக்குப் போட்டு மாசாமாசம் வரி புடிச்சிருக்காங்க. நீங்க பாதியில வந்துட்டீங்க. ஆறு மாசச் சம்பளத்துக்கு வரியே வராதுங்க. புடிச்சது அத்தனையும் உங்க காசு. ரீஃபண்டு கேட்டு எழுதிப் போட்டா வந்துரும்" என்றான்.

சாமியப்பன் ஓசூரில் தின்பண்டக் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடம் மெஷின் பராமரிப்பில் இருந்தவன். கடைசியில் மாதம் எழுபத்திரண்டாயிரம் சம்பளம். அதைப் போன புரட்டாசியில் உதறிவிட்டு, மலைமேல் தன் ஊரான வளப்பூர் நாட்டில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு பெரிய அடுப்பு வைத்து, பலாச்சுளை சிப்ஸ் போடப்போகிறேன் என்று வந்து உட்கார்ந்தான். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவனை ஊர் மூன்று மாதம் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

கொட்டகையில் கூலி ஆள் கிடையாது. கூலி கொடுக்கப் பணமும் கிடையாது. மாத்தாள்தான். இன்றைக்கு உன் காட்டு வேலைக்கு நான் வருகிறேன், நாளைக்கு என் வேலைக்கு நீ வா என்பதுதான் மாத்தாள். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரைக்கும் சாமியப்பன் பதினொரு வீட்டு மிளகுக் கொடியில் ஏணி போட்டு ஏறினான். ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கைந்து நாள். பலா சீசன் வந்ததும் அந்தப் பதினொரு பேரும் கத்தியும் கையுமாக அவன் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். யாருக்கு யார் எத்தனை நாள் பாக்கி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

நாமக்கல் கடைக்காரர் ஒருவர் ஆடிப் பதினெட்டுக்குள் நானூறு கிலோ சிப்ஸ் வேண்டும் என்று முன்பணம் கொடுத்திருந்தார். பலாக்காய் நன்றாக முற்றியிருக்கவேண்டும், ஆனால் பழுத்துவிடக் கூடாது. பழுத்தால் சிப்ஸுக்கு ஆகாது. வெட்டிய காயை இரண்டு நாளுக்குள் அரிந்தாகவேண்டும். இதெல்லாம் ஒரு ஆளும் அவன் மனைவியும் செய்து முடிக்கிற வேலையா? அந்தப் பதினொரு பேர் வந்தால் கொட்டகை உண்டு. வராவிட்டால் ஓசூருக்கே போய்ப் பழைய மேனேஜரிடம் பல்லை இளிக்கவேண்டியதுதான். இதை அவன் மனைவி சுகுணா வாரத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, திருப்பிக் குடுக்கறதுக்குன்னா எதுக்குங்க புடிச்சாங்க?" என்று கேட்டாள் சுகுணா. சாமியப்பன் அடுப்பு எண்ணெய்க்கு ஆகுமே என்று எழுதிப் போட்டுவிட்டான்.

எட்டாம் நாள் போனில் ஒரு செய்தி வந்தது. 'உங்கள் ரீஃபண்டு ஐயத்திற்கு உள்ளாக்கப்பட்டுள்ளது. ரீஃபண்டு ஐயப் பிரிவைத் தொடர்புகொள்ளவும்.' சாமியப்பன் சிரித்துக்கொண்டான். ரீஃபண்டு என்று செய்தி வந்தால் நம்பாதீர்கள், திருட்டுப் பயல்கள் வேலை அது என்று போலீஸ்காரர்கள் ஜீப்பில் மைக் வைத்துச் சொல்லிவிட்டுப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. இருந்தாலும் ஆள் யாரென்று பார்த்துவிடலாம் என்று செய்தியிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டான்.

"நீங்க உண்மையான சாமியப்பன்தானா?" என்றது ஒரு குரல்.

"நீங்க உண்மையான ஆபீஸுங்களா?" என்றான் இவன்.

"அதை நீங்க கேக்கக் கூடாது."

"அப்ப நீங்களும் கேக்கக் கூடாதுங்க."

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போனை வைத்தார்கள். அதற்கு நான்காம் நாள் பதிவுத் தபாலில் பதினாறு பக்க ஐயப் படிவம் வந்தது. ஏமாற்றுக்காரன் இவ்வளவு பக்கம் அச்சடிக்கமாட்டான் என்பதால், இது அரசாங்கம்தான் என்று சாமியப்பன் முடிவுக்கு வந்தான்.

படிவத்தின் பதினான்காம் கேள்வி இது: 'உங்கள் தொழிலில் பணிபுரிவோர் எத்தனை பேர்? அவர்களுக்கு வழங்கும் கூலி எவ்வளவு?' சதீஷ்குமார், "அதுல ஒரு கோடு போட்டுட்டுப் போயிருங்க" என்று படித்துப் படித்துச் சொன்னான். சாமியப்பன் கேட்கவில்லை. மெஷின் ஒரு நிமிடம் நின்றாலும் நோட்டில் உள்ளது உள்ளபடி எழுதிப் பழகிய கை அது. பதினொரு பேர் என்று எழுதினான். கூலி இல்லை என்றும் எழுதினான். எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டான்.

ஐயப் பிரிவு மலைக்குக் கீழே இருந்தது. கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, காரவள்ளி தாண்டி, காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் மாறி, சாமியப்பன் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை மணி. வாசலில் ஒரு பலகை: 'உங்களை நம்புவது எங்கள் கடமை. நம்பாமல் இருப்பது எங்கள் பணி.'

உள்ளே ஐய அலுவலர் வேல்முருகன் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள். மேசைமேல் தன் பேனாவை நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். பக்கத்து மேசையில் கோகிலா என்ற உதவியாளர், அறைக்குள் பேசுவது எல்லாவற்றையும் ஒரு டேப்லெட்டில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"பத்தொன்பது வருசமா இந்த நாற்காலியில இருக்கேன்" என்று ஆரம்பித்தார் வேல்முருகன். "தடுமாறாம பதில் சொல்லிட்டு ஒருத்தர்கூட இங்கேர்ந்து போனதில்லை. அதிலயும் நேர்மையான ஆளுங்க ரொம்பத் தடுமாறுவாங்க. அதை வெச்சே நாங்க கண்டுபிடிச்சிருவோம்."

"நேர்மையான ஆளுன்னுங்களா?"

"குற்றவாளின்னு."

சாமியப்பன் கம்பெனி கொடுத்த விடுவிப்புக் கடிதத்தை நீட்டினான். வேல்முருகன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். "வேலையை விட்டதுக்கு இது அத்தாட்சி. சரி. மறுபடி போய்ச் சேரலைங்கறதுக்கு?"

"சேரலீங்களே."

"அதைத்தான் எழுத்துல கேக்கறேன். உங்களை வேலைக்கு எடுக்கலைன்னு ஓசூர்ல இருக்கற ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியா..."

"சார், அதை நாம போன வருசம் நிறுத்திட்டோம்" என்றாள் கோகிலா தலை நிமிராமல். "கம்பெனிக்காரங்க நம்மளை நம்பி பதில் போடறதில்லை."

"சரி, போகட்டும்" என்று பெரிய மனது பண்ணினார் வேல்முருகன். "இப்ப உங்க முதலாளி யாரு?"

"நாந்தானுங்க."

"தொழிலாளி?"

"அதுவும் நாந்தானுங்க."

"இப்ப இங்க வந்திருக்கறது ரெண்டு பேர்ல யாரு?"

சாமியப்பன் யோசித்துப் பார்த்தான். "ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதாங்க வந்தோம்."

கோகிலா அதையும் தட்டினாள். வேல்முருகன் படிவத்தைப் புரட்டிக்கொண்டே வந்து பதினான்காம் கேள்வியில் நின்றார். நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "பதினொரு பேர். கூலி இல்லை. ஏன் இல்லை?"

சாமியப்பன் மாத்தாளை விளக்கினான். தன் ஊர் விஷயத்தை ஒருவர் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாரே என்று உற்சாகமாகி, பழனாயி அத்தை வீட்டில் ஐந்து நாள், ராசு வீட்டில் நான்கு நாள் என்று பெயர் பெயராகச் சொல்லிவிட்டான். வேல்முருகன் ஒவ்வொரு பெயரையும் எழுதிக்கொண்டார். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"ஆக, நீங்க ஒரு வேலையை விட்டுட்டு பதினொரு வேலையில சேர்ந்திருக்கீங்க."

"ஐயய்யோ, அது வேலை இல்லீங்க."

"ஏணி மேல ஏறி மிளகு பறிக்கறது வேலை இல்லைன்னா, என்ன உடற்பயிற்சியா? நீங்க உழைச்சீங்க. அவங்க பதிலுக்கு உழைச்சாங்க. அதுதான் சம்பளம். பதினொரு முதலாளிங்க, ஒருத்தர்கூட வரி பிடிக்கலை. அதே பதினொரு பேர் உங்க தொழிலாளிங்க, நீங்களும் பிடிக்கலை. ஒருத்தனுக்கொருத்தன் காசில்லாம உதவி செய்யறதுன்னு ஒண்ணு உலகத்துல இருந்தா, எனக்குத் தெரியாம இருக்குமா?" என்று கேட்டார் வேல்முருகன். "நானும் முப்பது வருசமா குடும்பம் நடத்தறேன். இதுவரைக்கும் பக்கத்து வீட்டுக்காரன் என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. நேர்மையா இருக்கோம்."

பத்து நாளில் வளப்பூருக்கு இருபத்திரண்டு நோட்டீஸ் வந்தது. வீட்டுக்கு இரண்டு. சாமியப்பனுக்குக் கொடுத்த சம்பளத்தில் ஏன் வரி பிடிக்கவில்லை என்று முதலாளிக்கு ஒன்று. சாமியப்பனிடம் வாங்கிய சம்பளத்தை ஏன் மறைத்தாய் என்று தொழிலாளிக்கு ஒன்று. அறுபது சென்ட் மரவள்ளியும் இரண்டு மாடும் வைத்திருந்த ராசுவிடம் நிறுவனத்தின் பெயர், கிளைகள், வெளிநாட்டு முதலீடு எல்லாம் கேட்டிருந்தார்கள்.

தபால்காரர் ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும், பதினொரு பேரும் கொட்டகைக்குத்தான் வந்தார்கள். கத்தி கொண்டுவரவில்லை. சாமியப்பன் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான். படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கிப் போனது.

"எங்க பேரெல்லாம் அவங்களுக்கு எப்படித் தெரியுமுங்க மாப்ளே?" என்றான் ராசு.

"நாந்தான் சொன்னேன். கேட்டாங்க, சொன்னேன்."

ராசு தன் நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்த கேள்வி பழனாயியிடமிருந்து வந்தது. பதினொரு பேரில் கை வேகம் அவளுக்குத்தான். புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாகக் காட்டைப் பார்க்கிறவள், மாத்தாள் என்றால் மழையானாலும் முதல் ஆளாக வந்து நிற்பவள்.

"சாமி, நான் ஆள் வெச்சு மொளகு புடுங்கற மொதலாளின்னு எழுதிக் குடுத்திருக்கறயே, எனக்கு மாசம் கவருமெண்டுலருந்து வர்ற ஆயிரம் ரூவாய நிறுத்திப்புடுவாங்களா மாட்டாங்களா? அத மட்டும் சொல்லு."

"நிறுத்தமாட்டாங்க அத்தை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

பழனாயி அவன் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாமியப்பனுக்கு அந்தப் பார்வை தாங்கவில்லை.

மறுநாள் கொட்டகைக்கு ஐந்து பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் இரண்டு பேர். ராசுவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்கள், ஆனால் அவன் மாடு ஓட்டிக்கொண்டு போவதைச் சுகுணா கண்ணால் பார்த்தாள். மூன்றாம் நாள் யாரும் வரவில்லை. வெட்டிக் குவித்த காய் நாற்பது பழுத்துப்போனது. கொட்டகையைச் சுற்றிப் பலாப்பழ வாசம் கமகமவென்று ஏறியது. சுகுணா ஓசூர் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சாமியப்பனுக்கு இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவன் மறுபடி மலை இறங்கினான். வேல்முருகன் முன்னால் போய் நின்று கும்பிட்டான்.

"எனக்கு அந்தப் பணமே வேண்டாமுங்க. விட்டுருங்க. எங்க சனத்துக்கு அனுப்புன நோட்டீஸ மட்டும் வாபஸ் வாங்கிக்குங்க."

டீ கொண்டுவந்த ஆள் டீயோடு அப்படியே நின்றார். வேல்முருகன் மெதுவாக எழுந்தார். "கோகிலா, கதவைச் சாத்துங்க."

கதவு சாத்தப்பட்டது.

"பணம் வேணும்னு வர்றவனை நான் சந்தேகப்படறேன். அது சாதாரண சந்தேகம், உடம்புக்கு நல்லது. தன் பணத்தையே வேண்டாம்னு சொல்றவனை என்ன பண்றது? எங்க கையேட்டுல அப்படி ஒரு ஆளே இல்லை." அவர் கையேட்டைப் புரட்டிக் காட்டினார். "வேண்டாம்னு சொல்றதுக்குப் படிவமே நாங்க அச்சடிக்கலை. ஏன்னா மனுசன் அப்படிச் சொல்லமாட்டான். பதினைந்தாயிரத்தை விட்டுட்டுப் போறேன்னா, எத்தனை கோடியை எடுத்துட்டுப் போறே?"

"ஐயா, பலாச்சுளைங்க."

"அதான், அந்தப் பலாச்சுளையை நான் நேர்ல பாக்கணும்." அவர் பீரோவைத் திறந்து ஒரு சிவப்பு உறையை எடுத்தார். அதன்மேல் 'தீவிர ஐயம்' என்று அச்சடித்திருந்தது. அந்த உறை இதுவரை பிரிக்கப்படாதது என்று பார்த்தாலே தெரிந்தது. வேல்முருகன் அதன் தூசியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். திரும்பிப் போகும் பஸ்ஸில் சாமியப்பன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வளைவு வளைவாக அழுதான்.

ஆய்வுக்கு அவர்கள் வந்த நாளில் விடியற்காலையிலிருந்து மழை. வளப்பூருக்குத் திரும்பும் மண் பாதையில் அலுவலகக் கார் ஒரு பக்கச் சக்கரம் முழுக்கச் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்தினார். அந்த ஊரில் ஹாரன் விடாமல் கேட்டால் யார் எவர் என்று கேட்கிற பழக்கம் இல்லை. காட்டிலிருந்த ராசு வந்தான், பழனாயி சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள். கொட்டகையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்த சாமியப்பனும் ஓடினான். கல் போட்டு, பலகை போட்டு, அரை மணி நேரம் முக்கி முக்கித் தள்ளினார்கள். வேல்முருகன் காரைவிட்டு இறங்கவில்லை. தள்ளுகிறவர்கள் எங்கே தள்ளிக்கொண்டு போவார்களோ என்று உள்ளேயே கண்காணித்துக்கொண்டிருந்தார்.

கார் மேடேறியதும் பழனாயி முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தாள். "எப்பங்க வாரீங்க?"

"எங்க?"

"எங்க வேலைக்குங்க. நாங்க இத்தன பேரு உங்களுக்குத் தள்ளியிருக்கறமில்லீங்க. நீங்க ஒரு நேரம் எங்களுக்கு வரோணுமில்லீங்க?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. ஊருக்குப் புதிதாக வருகிற யாரிடமும் அவள் கேட்பதுதான். பின் சீட்டில் கோகிலா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். "பதினொரு பேரும் சாமியப்பனும், முப்பது நிமிடம், கூலி இல்லை."

வேல்முருகன் திரும்பிப் பார்த்தார். "இதையெல்லாம் எதுக்கு எழுதறீங்க?"

"ஆய்வுல நடக்கறது ஒண்ணுவிடாம எழுதணும்னு நீங்கதானே சார் சுற்றறிக்கை விட்டீங்க. எழுத எழுத மேலிடத்துக்குப் போயிரும். அழிக்க முடியாது."

வேல்முருகன் பர்ஸை எடுத்து ஐந்நூறு ரூபாய்த் தாள் இரண்டை உருவினார். "கூலி குடுத்தீங்கன்னா இவங்க உங்க ஆளுங்க ஆயிருவாங்க சார்" என்றாள் கோகிலா. "உங்க ஆளுங்களை நீங்களே விசாரிக்க முடியாது."

"குடுக்கலைன்னா?"

"விசாரணையில இருக்கறவங்ககிட்ட ஓசியில வேலை வாங்கினதா ஆகும் சார். அதைப் பாக்கறதுக்குத் தனியா ஒரு பிரிவு இருக்கு."

"என்ன பிரிவு?"

"ஐயப் பிரிவைச் சந்தேகப்படற பிரிவு சார். மூணாவது மாடி."

மழையில் நனைந்தபடி எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக வேல்முருகன் தடுமாறினார். சாமியப்பனுக்குப் பாவமாக இருந்தது. "இதுக்குத்தானுங்க ஐயா மாத்தாளு. வந்து ஒரு நேரம் சொளை எடுத்துக் குடுத்துட்டுப் போயிருங்க. நேராயிரும்" என்றான்.

வேறு வழி இல்லை. ஐய அலுவலர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கொட்டகையில் சாக்குமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்த பதினொரு பேரும் வேடிக்கை பார்க்க வந்து, சும்மா நிற்க மனம் வராமல் ஆளுக்கொரு காயை இழுத்துக்கொண்டார்கள். சுகுணா ஒரு கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்து வைத்தாள். பலாக்காய் அரிகிறவர் முதலில் கையில் எண்ணெய் பூசிக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் பால் ஒட்டிக்கொள்ளும்.

"விசாரணைக்கு உட்பட்டவங்ககிட்ட ஒரு சொட்டுக்கூட வாங்கமாட்டேன்" என்று வேல்முருகன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

கால் மணி நேரத்தில் அவர் வலது கை விரல் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதைப் பிரிக்கப் போன இடது கை வலது கையோடு ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு அவர் மதியம்வரை இரண்டு கையையும் கூப்பிய நிலையில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சேரவேண்டிய வேலையையும் சேர்த்துக் கோகிலாவே செய்தாள். அவள் எண்ணெய் பூசிக்கொண்டு, டேப்லெட்டை ஓரமாக வைத்துவிட்டு, பழனாயியோடு போட்டி போட்டுச் சுளை எடுத்தாள். ராசு என்னவோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அடுப்பு இரண்டும் எரிந்தன. அன்று ஒரே நாளில் நாற்பது கிலோ சிப்ஸ் இறங்கியது. சாமியப்பனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினான்.

சரியாகத்தான் ஆனது. இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது.

'மேற்படி ஊரில் மாத்தாள் எனும் நடைமுறை உள்ளதென ஐய அலுவலர் தம் கைகளாலேயே உணர்ந்தார். எனவே அது அங்கீகரிக்கப்படுகிறது. அங்கீகரிக்கப்பட்ட எதுவும் பதிவு செய்யப்படவேண்டும். ஒவ்வொரு வீட்டாரும் மாத்தாள் பதிவேடு பராமரித்து, வந்த நேரம், போன நேரம், வேலையின் தன்மை ஆகியவற்றை நிமிடக் கணக்கில் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிடவேண்டும். கொடுத்த நேரமும் பெற்ற நேரமும் பொருந்தாத இடத்தில், அது சம்பளமாகக் கருதப்படும். நோட்டீஸ்கள் ரத்து. ரீஃபண்டு வழங்கப்படுகிறது.'

பதினைந்தாயிரத்து முப்பது ரூபாய் வந்தேவிட்டது. சுகுணாவுக்கு நம்பிக்கை வராமல், செம்மேட்டுக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிந்து பார்த்துவிட்டு வந்தாள். நோட்டீஸ் ரத்தான தைரியத்தில் பதினொரு பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். சாமியப்பன் அந்தப் பணத்தில் பன்னிரண்டு நீள நோட்டும், கைநாட்டு வைப்பவர்களுக்கு ஒரு மை டப்பாவும், கொட்டகைக்கு ஒரு பெரிய சுவர்க் கடிகாரமும் வாங்கினான். மீதி எண்ணெய்க்குப் போனது.

முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் விளையாட்டாக இருந்தது. ராசு தன் பெயருக்கு நேராகப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டான். மூன்றாம் நாள், டீ குடிக்கிற நேரம் யார் கணக்கு என்று கேள்வி வந்தது. ஐந்தாம் நாள், பழனாயி மூன்று காய் அரிகிற நேரத்தில் ராசு ஒன்று அரிகிறான், இரண்டு பேருக்கும் ஒரு மணி என்றால் ஒரே மணியா என்று ஒருத்தி கேட்டாள். ராசு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. யார் பீடி குடிக்க எழுந்துபோனாலும் அந்த நேரத்தைச் சுகுணா பென்சிலால் கழித்து வைத்தாள். சாமியப்பன் மிளகுக்குப் போன தன் நாட்களை ஞாபகத்திலிருந்து எழுத உட்கார்ந்தபோது, பழைய கணக்கில் யாருக்கும் யாரோடும் ஒத்துவரவில்லை. அதுவரை ஒத்துத்தான் போய்க்கொண்டிருந்தது.

சாமியப்பனுக்கு இது பிடித்துப்போனது என்பதுதான் உண்மை. கூட்டல் சரியாக வந்தால் அவனுக்கு ஒரு நிம்மதி. சரியாக வராத இடத்தில் மறுபடி நோட்டீஸ் வருமோ என்று பயம். சாப்பிட உட்கார்ந்தாலும் நோட்டு பக்கத்தில் இருந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு நான்கு நாள் இருந்தது. இன்னும் தொண்ணூறு கிலோ பாக்கி. பதினொரு பேரும் தலை நிமிராமல் அரிந்துகொண்டிருந்தார்கள். அடுப்படியிலிருந்து வந்த சாமியப்பன் வழக்கம்போலப் பதிவேட்டைப் புரட்டினான். பழனாயி தன் கட்டத்தில் 'வந்தது 9' என்று கொட்டை கொட்டையாக எழுதியிருந்தாள். அவன் சிவப்புப் பேனாவை எடுத்து ஒன்பதை அடித்து, ஒன்பதே கால் என்று எழுதினான்.

"அத்தை, ஒம்போதே காலுக்குத்தானுங்க வந்தீங்க. கடிகாரத்துல பாத்தேன்."

பழனாயி நிமிர்ந்தாள். "ஒம்போதுக்கே வந்துட்டேன் கண்ணு. கீழ்க் காட்டுல நீ அறுத்துப் போட்டிருந்த காய்மேல பன்னி வந்து நின்னுது. வெரட்டி உட்டுட்டு, அத்தனையும் பொறுக்கிச் சாக்குப் போட்டு மூடிட்டு வந்தேன். அந்த நேரந்தான் அது."

"அதுக்கு அத்தாட்சி இருக்குதுங்களா?" என்றான் சாமியப்பன்.

வாயிலிருந்து வந்தபிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. பழனாயி கத்தியைச் சாக்கில் துடைத்தாள். கையிலிருந்த எண்ணெயைக் காலில் தடவிக்கொண்டாள். எழுந்தாள்.

"அத்தை, எங்கீங்க போறீங்க?"

"ஊட்டுக்குப் போறேன் சாமி. எதுக்கும் நீ கீழ்க் காட்டுக்குப் போயி பன்னியக் கேட்டுக்க."

அவள் பதிவேட்டுக்கு நேராக வந்து, கடிகாரத்தைப் பார்த்து, போன நேரம் 10.40 என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள். மற்ற பத்துப் பேரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, வரிசையாக வந்து, நேரத்தைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்கள். பாதி அரிந்த காய்கள் கிடந்தன. சுகுணா அடுப்பை அணைத்தாள். சாமியப்பன் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தான். அன்றைய பக்கத்தில் ஒரு நிமிடம்கூடத் தப்பில்லை.